சூசையின் காலுக்குள் இருப்பது

பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷமும் உனக்கு எழுதி வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அதில் பாதியைத்தான் எழுத முடியும். அம்மா சுகம். என் பாதி கீழே வருகிறது. இதைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற ஆள் வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். அதற்குள் எழுதி முடிக்காவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு இல்லை என்று அம்மாவின் உத்தரவு. உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த படிவமும் கிடைத்துப் பதினேழு நாளாகிறது. உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் என் இடுப்பு எக்ஸ்ரே படத்தைப் போடப் போகிறாய், அதற்கு என் சம்மதம் வேண்டும், பெயரையும் எந்தப் பக்கத்துக் கால் என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கோ, அடுத்த மாதம் புத்தகம் கட்டக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பதினேழு நாளாகப் பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அந்தப் படத்தில் இருப்பது என் கால் அல்ல, பிள்ளை. நீ அனுப்பிய சாமானும் என் காலுக்குள் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் சந்தேகக்காரன் என்பது உனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மேசன் வேலை தந்த படிப்பே அதுதான். சீமெந்துப் பையைத் தூக்கினால் நிறை சரியோ என்று சந்தேகம். மணலை நாக்கில் வைத்தால் உப்பு இருக்குமோ என்று சந்தேகம். பூசிய சுவரைக் கரண்டிப் பிடியால் தட்டினால் உள்ளே வெறுமையாகப் பொள்ளல் கேட்கிறதோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தால்தான் நான் பூசிய சுவர்கள் இன்றைக்கும் உரியாமல் நிற்கின்றன. அதே சந்தேகத்தால்தான் நான் விழுந்தேன் என்பதை மட்டும் உனக்கு எழுதவில்லை. கால் வழுக்கியது என்று எழுதினேன். நடந்தது என்னவென்றால், அச்சுவேலியில் ஒரு மாடிவீட்டுச் சாரத்தில் நின்றுகொண்டு, கீழே கலவை குழைக்கிறவர்கள் மணலைக் கூட்டிப் போடுகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். எட்டினது கூடிவிட்டது. விழுந்து கிடந்தபடியே நான் முதலில் கேட்டது, "எத்தினை சட்டி மணல் போட்டனீங்கள்?" என்பதுதானாம். அன்று அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வலது இடுப்பு மூட்டு நொறுங்கிப் போயிருந்தது.

அப்போது நீ லண்டனுக்குப் போய் ஆறாவது வருஷம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் படித்த படிப்பு குழம்பி, ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்து, வந்த பெட்டியை அவிழ்க்காமலே வெளிநாடு போனவள் நீ. அங்கே எலும்பைப் பற்றிப் படிக்கிறாய் என்பது தெரியும். என்ன எலும்பு, எதற்கு என்று நான் கேட்டதில்லை. என் கால் உடைந்த சேதி தெரிந்ததும் எட்டுப் பக்கம் எழுதினாய். நாணயக் குற்றியளவு டைட்டேனியத் தகடுகளை வெட்டி, சிலதை மினுக்கி, சிலதுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, எலும்பைக் கட்டுகிற கலங்களை அவற்றின்மேல் விட்டுவிட்டு நாலு நாள் கழித்துக் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுதான் உன் வேலை என்றாய். மினுக்கிய தகட்டில் அந்தக் கலங்கள், கலியாண வீட்டில் ஒருவரையும் தெரியாத ஆள் மாதிரி உருண்டு திரண்டு ஒதுங்கி நிற்குமாம். பூச்சுத் தகட்டிலோ கால் நீட்டிப் படர்ந்து, பக்கத்துக் கலத்தோடு கைகோத்து, கொஞ்ச நாளில் புது எலும்பு வைக்கத் தொடங்குமாம். உடம்புக்குள்ளும் அதே கதைதான், மினுக்கமான உலோகத்தை எலும்பு நம்பாது, இடையில் ஒரு சவ்வை வேலி மாதிரிக் கட்டிக்கொண்டு தள்ளி இருந்துவிடும் என்று எழுதினாய். அதை வாசித்தபோது எனக்கு என் எலும்பின்மேல் ஒரு மரியாதை வந்தது. அதுவும் என்னைப் போலத் தொட்டுப் பார்த்துத்தான் ஆளைச் சேர்க்கிறது. வழுக்கலான பழைய சுவருக்குக் கொத்துப் போடாமல் பூசினால் பூச்சு நிற்குமா? இது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதானே என்று அம்மாவுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் பெருமையடித்தேன்.

அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லது. அடுத்த பக்கத்தையும் வாசித்தேன். அந்தப் பூச்சு, "எலும்பிலை இருக்கிற அதே சாமான்தான் அப்பா, தூளாக்கிக் கடும் சூட்டிலை உருக்கி உலோகத்துக்கு மேலை விசிறுறது" என்று எழுதியிருந்தாய். எலும்பில் இருக்கிற சாமான். வெள்ளைத் தூள். அச்சுவேலித் தோட்டக்காரர் முந்திரிகைக் கொடிக்குப் போடுகிற எலும்புத் தூள் மூட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்து குந்திவிட்டது. அது எந்த எலும்பு என்று எனக்குத் தெரியும். மச்சம் மாமிசம் படாத வீட்டில் பிறந்து, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருக்கிறவன், மாட்டெலும்பைத் தொடைக்குள் வைத்துக்கொண்டு கோயில் வாசலை எப்படி மிதிப்பது? உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'அப்பாவுக்குக் கால் முக்கியம், இதைச் சொல்லாமல் விடுவம்' என்று நீ மறைப்பாய் என்று, உனக்குப் பதிலாக நானே நினைத்து, நானே உன்மேல் கோபித்தும் கொண்டேன். அந்தக் கொடியின் பழத்தை நான் தின்றிருக்கிறேனே என்ற யோசனை மட்டும் எனக்கு வரவில்லை. சந்தேகத்துக்கும் ஒரு சோம்பல் உண்டு. தனக்கு வசதியான இடத்தில்தான் அது வேலை செய்யும்.

உன் பேராசிரியருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, நொறுங்கின மூட்டுக்குப் பதிலாகத் தொடையெலும்புக்குள் இறக்குகிற, பூச்சுப் பூசிய உலோகத் தண்டு ஒன்றை நீ முத்திரையிட்ட பெட்டியில் அனுப்பினாய். அது வந்து சேர்ந்தபோது நான் ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலோடு கட்டப்பட்டுக் காலில் பாரம் தொங்கக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் சூசை. மயிலிட்டியில் கடலுக்குப் போகிற ஆள், என்னைவிட ஏழு வயது இளையவர், வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது அது சரிந்து இடது இடுப்பு உடைந்தவர். ஆஸ்பத்திரியில் அப்போது மிஞ்சி இருந்தது பூச்சில்லாத பழைய வகைத் தண்டு ஒன்றே ஒன்று. அது அவருக்கென்று எழுதப்பட்டிருந்தது. எலும்புக்குள் அதைச் சீமெந்து வைத்து இறுக்குவார்கள் என்று தாதி சொன்னா. சீமெந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு, வெளிநாட்டில் ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. பெரிய டொக்டர் சுற்றி வந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஐயா, மகள் அனுப்பினதை இவருக்குப் போட்டு, இவருக்கு வைச்சிருக்கிறதை எனக்குப் போடேலாதோ?"

"அளவு ரெண்டு பேருக்கும் சரிவரும். ஆனா உங்கடை பிள்ளை கஷ்டப்பட்டு அனுப்பினது. ஏன் வேண்டாமெண்டுறியள்?"

"எனக்குச் சீமெந்துதான் பழக்கம், ஐயா."

டொக்டர் சிரித்துவிட்டார். இரண்டு வகையும் நல்லதுதான், யோசித்துச் சொல்லுங்கோ என்று ஒரு நாள் தவணை தந்தார். நான் யோசிக்கவில்லை. சூசைக்கு விஷயம் தெரிந்தபோது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்க்க வந்த அவருடைய மனுசி என் கட்டிலுக்கு முன்னால் முழங்காலில் நின்று செபம் சொன்னா. வாட்டு முழுவதும் என்னைக் கர்ணன் என்றது. தாதிமார் எனக்கு ஒரு தலையணையைக் கூடுதலாகத் தந்தார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சூசைக்கு முதலில் செய்தார்கள். அடுத்த நாள் என் ஒப்பரேஷனில் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் விறைப்பு. சுத்தியல் சத்தம் நன்றாகக் கேட்டது. யாரோ கிண்ணத்தில் எதையோ குழைக்கிற சத்தமும் கேட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, கனக்கத் தண்ணி விட்டிடாதேங்கோ" என்றேன். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக்டர், "மேசன், இது உங்கடை வேலைத்தலமில்லை, பேசாமல் கிடவுங்கோ" என்றார். அன்று பின்னேரமே, நீ அனுப்பியது நன்றாகப் பொருந்திவிட்டது என்று அம்மாவைக்கொண்டு உனக்கு எழுதுவித்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. யாருக்குப் பொருந்தியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து உன் கடிதம் ஒன்று வந்தது. இங்கே பஞ்சத்தில் சவர்க்காரமே கிடைப்பதில்லை என்று அம்மா எழுதியதற்குப் பதிலாக, உங்கள் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க என்னவெல்லாம் செய்கிறாய் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். அந்த வெள்ளைத் தூளை நீங்களே போத்தலுக்குள் இரண்டு மருந்துகளைக் கலந்து படியவைத்துச் செய்கிறீர்களாம், ஒரு விலங்கும் அதில் சம்பந்தமில்லை, சுண்ணாம்புக்கு உறவுக்காரச் சாமான் என்று போகிற போக்கில் ஒரு வரி. அம்மா அந்த வரியை இரண்டு தரம் உரத்து வாசித்தா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா, "மாட்டுச் சாணியைச் சுட்டு நெத்தி முட்டப் பூசுற மனுசன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பியள்?"

எனக்கு அப்போது உன் பதினாறாம் வயது ஞாபகம் வந்தது. கிணற்றடி வாழைக்குப் பின்னால் ஓர் ஆட்டுத் தொடையெலும்பு கிடந்தது. பக்கத்து வளவுக்காரர்தான் தின்றுவிட்டு எறிந்தார் என்று நான் வேலிக்கு மேலால் சண்டை பிடித்து, மூன்று மாதம் அந்த வீட்டோடு முகம் பார்க்காமல் இருந்தேன். அது நீ விலங்கியல் பாடத்துக்குக் கொண்டுவந்து, அவித்து, கழுவி, காயவைத்தது. நீ வாயே திறக்கவில்லை. சோதனை எழுதி முடிந்த பிறகுதான் அம்மா சொன்னா. அன்று உன்னை ஒளிக்கப் பழக்கியவன் நான். கேட்டால் கத்துவார் என்று நீ ஒளித்தாய். கேட்டால் ஒளிப்பாய் என்று நான் கேட்காமல் விட்டேன். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் இருந்திருக்கிறோம்.

பிறகு வந்ததுதான் பெரிய பிழை. ஒரு வருஷம் முடிய, எலும்பு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு படம் அனுப்புங்கோ என்று கேட்டாய். சூசைக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் படம் எடுத்தார்கள். உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் சூசையிடம் போய், "பிள்ளை தான் அனுப்பின சாமானைப் பாக்க ஆசைப்படுறா" என்றேன். "பாக்கத்தானே வேணும் அண்ணை, பிள்ளையின்ரை சாமானெல்லே" என்று அந்த மனிதர் படத்தைத் தூக்கித் தந்தார். அது தன் காலுக்குள் இருப்பது உனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். மூலையில் இருந்த அவர் பெயரையும், இடது என்று காட்டுகிற எழுத்தையும் சவர பிளேட்டால் சுரண்டினேன். இடது காலை வலது காலாக்குவதற்குப் படத்தைத் திருப்பிப் பிடித்தால் போதும் என்று கண்டுபிடித்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். 'எலும்பு தண்டோடு ஒட்டி வளர்ந்திருக்கு அப்பா, இடைவெளியே இல்லை' என்று நீ சந்தோஷத்தில் எழுதினாய். போன வருஷம் இரண்டாவது படத்தையும் அதே மாதிரி அனுப்பினேன். இதற்கிடையில் சண்டையில் மயிலிட்டி முழுக்க இடம்பெயர்ந்து, சூசை குருநகரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது சைக்கிளில் மீன்பெட்டி கட்டி மானிப்பாய் வரை மிதித்து வருகிறார். எங்கள் சைவ வீட்டு வாசல் படலையிலும் நின்று மணி அடிப்பார், விற்க அல்ல. "பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கோ" என்று ஒருமுறை கருவாட்டுப் பொதி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதை விறகுக் கொட்டிலுக்குள் மறைத்து வைத்து, நாறி, அம்மா பிடித்து, நான் பட்ட பாட்டை நேரில்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உன் படிவம். அதோடு நீ ஒரு வரியும் எழுதியிருந்தாய்: 'ரெண்டு படத்திலையும் மூலையை ஆரோ சுரண்டியிருக்கினம், ஏன் அப்பா?' அந்த வரியை நான் எத்தனை விதமாக வாசித்தேன் தெரியுமா? இவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, தெரியாது. தெரிந்துகொண்டு, நான் பொய்க் கையெழுத்து வைக்கிறேனோ என்று பார்க்கத்தான் இந்தப் படிவம். புத்தகத்துக்குச் சம்மதம் வேண்டும் என்பதெல்லாம் சும்மா. அம்மாவிடம் சொன்னேன், "இஞ்சாரும், இது பிள்ளை எனக்கு வைச்ச பொறி."

"பொறியோ என்னவோ, எலி நீங்கள்தானே" என்றா அம்மா. பிறகு சிரிக்காமல் சொன்னா, "நாளைக்கு அந்தப் புத்தகம் பொய்யெண்டு ஆராவது பிடிச்சால், பத்து வருஷம் பட்ட பாடு அவளுக்கெல்லே போகும். உங்களுக்கு என்ன, நீங்கள் சாரத்திலை இருந்து விழுந்தும் தப்பின ஆள்."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. உன் புத்தகம் முழுவதும் நான் பூசிய சுவர் மாதிரி நிற்க, கடைசி அத்தியாயத்தில் நான் வைத்த பொள்ளல் ஒன்று கிடக்கிறது. யாரோ ஒருவர் ஒருநாள் தட்டிப் பார்ப்பார்.

நேற்று சூசை வந்தபோது முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எலும்புத் தூள், மாடு, சீமெந்து, சவர பிளேட், எல்லாம். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பு வருகிற மாதிரித்தான் சொல்லவும் பார்த்தேன். அவர் தன் இடது தொடையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார்.

"அப்ப, மாட்டெலும்பெண்டு நினைச்சுத்தான் எனக்குத் தந்தனீங்கள்."

"ஓம்."

"'உவன் எல்லாம் தின்னுறவன்தானே, உவனுக்கு என்ன' எண்டு நினைச்சிருப்பியள்."

அப்படி நினைத்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நினைத்திருக்கிறேன், பிள்ளை. கர்ணன் என்று எல்லோரும் சொல்லக் கேட்டுக் கேட்டு, அடியில் கிடந்ததை நான் மறந்துபோயிருந்தேன்.

"அஞ்சு வருஷமாய்க் கோயிலிலை உங்கடை பேரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்துறன், மேசன் அண்ணை. மனுசி செத்த பிறகும் விடேல்லை." பிறகு கையை நீட்டி, "பேனையைத் தாங்கோ" என்றார். "உங்களுக்காண்டி இல்லை. பிள்ளை எனக்கு ஒரு பிழையும் செய்யேல்லை. இனி அவவின்ரை பேரைச் சொல்லிக் கொளுத்துறன்." எழுத்துக்கு எழுத்து அழுத்தித் தன் முழுப் பெயரை எழுதி, இடது கால் என்று எழுதி, கையெழுத்து வைத்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போனார். சாய்வு ஒன்றும் இல்லாமல் மிதித்தார். இன்றைக்கு எங்கள் படலையில் மணி கேட்கவில்லை.

படிவம் இதோடு இருக்கிறது. என் சொந்தப் படமும் இருக்கிறது, மூலையில் என் பெயரோடு, சுரண்டாமல். வெயிலில் பிடித்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது: சீமெந்துக்கும் எலும்புக்கும் நடுவில் சுற்றிவரக் கறுப்பு வரி. தண்டு இளகி ஆடத் தொடங்கிவிட்டது. மாரி மழை தொடங்கியதிலிருந்து பொல்லு ஊன்றாமல் கிணற்றடிக்குப் போக முடியவில்லை. என் பாதி சுகம் இதுதான். சீமெந்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் ஏறாதேங்கோ என்று டொக்டர் சொல்ல, நான் மூன்றாம் மாதமே சாரத்தில் ஏறியவன். சூசை என்னைவிட இளையவர், சொல்வழி கேட்கிறவர். ஆகவே எங்கள் இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்து உன் பூச்சு வென்றுவிட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. கனகாலம் போக அந்தப் பூச்சுக் கரைந்து போகுமோ, உரிந்து போகுமோ என்று உனக்கே பயம் இருப்பதாக ஒருமுறை எழுதினாய். அந்தப் பயத்தை விடாதே. அது நல்ல மேசனுக்கு வேண்டிய பயம். ஆனால் எதைச் சந்தேகப்படுகிறாயோ அதனிடமே போய்க் கேள். வேலையிலும் கேள், என்றைக்கோ நீ கலியாணம் செய்துகொள்ளப் போகிற பொடியனிடமும் கேள். நான் சீமெந்திடம் கேட்டேன், மணலிடம் கேட்டேன், பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. படத்தை எடுத்துவிடுவாயோ, சூசையின் பெயரில் போடுவாயோ, பேராசிரியருக்கு என்ன சொல்லுவாயோ, அது உன் தீர்மானம். அப்பா பொய் சொன்னார் என்று சொல்ல வேண்டிவந்தால் அப்படியே சொல்லு.

போன கிழமை பெரிய டொக்டரிடம் காட்டினேன். தண்டைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும், கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்கிறார். இந்த முறையும் இரண்டு வகையும் உண்டு, எது என்று நீங்கள் யோசித்துச் சொல்லலாம் என்றார். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எது என்று ஒரு வரியில் எழுது, பிள்ளை. காரணம் எழுத வேண்டாம்.

அப்பா